கரையும் கரைகள்

பங்காரம் தீவில் நான்கு நாள் தங்கினால் கடலின் அழகு தெரியும். கடலுக்குள் போன இன்னொரு தீவின் கதையும் தெரியவரும்.

படகின் வேகத்தைக் குறைத்துவிட்டு ஓட்டுநர் கையை நீட்டினார். "அங்கேதான் இருந்தது."

அவர் காட்டிய திசையில் பார்த்தேன். கண்ணாடி போன்ற இளம்பச்சை நீர். அதற்கு அப்பால் பவளப் பாறையின் விளிம்பில் அலைகள் உடைந்து வெள்ளைக் கோடு போட்டிருந்தன. வேறு எதுவும் இல்லை.

"எது இருந்தது, இக்கா?"

"பரளி. ஒன்றாம் பரளி" என்றார். யாரோ தூரத்து உறவினர் இறந்த செய்தியைச் சொல்வது போலிருந்தது அவர் குரல். பிறகு படகை மறுபடி முடுக்கினார்.

லட்சத்தீவுக் கூட்டத்தில் பங்காரம், தின்னக்கரை, பரளித் திட்டுகள் ஆகியவை ஒரே பவளப் பாறை வேலிக்குள், ஒரே காயலுக்குள் அமைந்தவை. இவற்றில் ஒன்றாம் பரளி 1968இல் 0.032 சதுர கிலோமீட்டர் இருந்தது. அதாவது சுமார் எட்டு ஏக்கர். நம் ஊரில் ஒரு நடுத்தர விவசாயியின் நிலம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். ஹிதாயத்துல்லா செய்த ஆய்வு 2017இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, அந்தத் தீவு முழுவதுமாக அரித்துப் போய்விட்டது என்ற செய்தியும் வந்தது. மனிதர் குடியிராத தீவு. அதனால் யாரும் வீடு இழக்கவில்லை, யாரும் மனுக் கொடுக்கவில்லை. இரண்டாம் பரளியில் 80 சதவீதம் போய்விட்டது. தின்னக்கரையில் சுமார் 14 சதவீதம். நான் தங்கியிருந்த பங்காரத்திலேயே கிட்டத்தட்ட 10 சதவீதம்.

விடுமுறைக்கு வந்தவனுக்கு முதல் நாளே கிடைக்கக்கூடிய தகவல் அல்ல இது.

நான் வந்தது போசரியிலிருந்து. புனேயை ஒட்டி, நாசிக் நெடுஞ்சாலையில் இருக்கும் தொழிற்பேட்டைப் பகுதி. லேத்துகளும் வார்ப்படச் சாலைகளும் மோட்டார் உதிரிபாகப் பட்டறைகளும் அடுத்தடுத்து நிற்கும் ஊர். கூலன்ட் எண்ணெயின் வாடை சட்டையிலேயே தங்கிவிடும். பக்கத்தில் ஓடும் இந்திராயணியில், ஆளந்தி படித்துறையருகே வெள்ளை நுரை மிதக்கும் படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். இருபது வருடமாக அங்கே இரும்பைக் கடைந்து பிழைக்கும் தமிழனுக்கு ஒரு முறையாவது அழுக்கில்லாத தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தால் அது குற்றமாகாது.

ஆனால் ஆசை மட்டும் போதாது. 1967ஆம் ஆண்டின் நுழைவுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியரும் அனுமதிச் சீட்டு பெற்றே லட்சத்தீவில் கால் வைக்க முடியும். அதற்குக் காவல் துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும். "லட்சத்தீவா? அது இந்தியாவில்தானே இருக்கிறது? அதற்கு எதற்கு சர்ட்டிபிகேட்?" என்று காவலர் மராத்தியில் கேட்டார். நியாயமான கேள்விதான். மொத்தம் 36 தீவுகள், எல்லாம் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர் நிலம், அதில் பத்துத் தீவுகளில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் என்று எண்களைச் சொன்னபோது அவருக்கும் புரிந்தது. கதவுக்குப் பூட்டு போட வேண்டிய அளவுக்குச் சின்ன வீடு.

கொச்சியிலிருந்து சிறிய இறக்கை விசிறி விமானம் ஒன்றரை மணி நேரத்தில் அகத்தியில் இறக்கிவிடுகிறது. தீவின் தென்கோடியில், இரண்டு பக்கமும் கடல் நெருக்கும் ஒல்லியான நிலத்தில் ஓடுபாதை. ஜன்னலோரம் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அங்கிருந்து பங்காரம் எட்டுக் கிலோமீட்டர் அளவில் படகுப் பயணம்.

படகில் ஏறியதும் ஓட்டுநர் ஊர் கேட்டார். "போசரி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். தீவுக்காரர்கள் தங்களுக்குள் பேசும் மலையாளத்துக்குப் பெயர் ஜெசரி. "போசரியிலிருந்து ஜெசரிக்கு!" என்று தன் உதவியாளனிடம் சொல்லிச் சிரித்தார். ஜெசரியில் பழந்தமிழின் சாயல் உண்டு. மெதுவாகப் பேசினால் பாதிக்கு மேல் புரிகிறது. நான்கு நாளும் நாங்கள் அப்படியே பேசிக்கொண்டோம்.

பங்காரம் கண்ணீர்த் துளி வடிவத் தீவு. அரைச் சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். காலைக் காப்பிக்கும் பலகாரத்துக்கும் நடுவில் ஒரு சுற்று நடந்து வந்துவிடலாம். தென்னை மரங்கள், நடுவே தாழம்புதர் சூழ்ந்த உவர்நீர்க் குளம், சுற்றிலும் அரைத்த உப்பு போல வெள்ளை மணல். ஊர் என்று ஒன்று கிடையாது. இருப்பது விடுதியும், அதில் வேலை செய்பவர்களும், நம்மைப் போல வந்து போகிறவர்களும்தான்.

நாடு இந்தத் தீவை முதலில் கேள்விப்பட்டது 1987 டிசம்பரில். பிரதமர் ராஜீவ் காந்தி குடும்பத்தோடும் நண்பர்களோடும் புத்தாண்டு விடுமுறைக்கு இங்கே வந்தார். அது அரசியல் சர்ச்சையானது; பல ஆண்டுகள் கழித்துத் தேர்தல் மேடையிலும் ஒலித்தது. அதையடுத்து, 1980களின் இறுதியில் கொச்சியின் கேசினோ ஹோட்டல் குழுமம் இங்கே விடுதி நடத்த வந்தது. ஓலை வேய்ந்த குடில்கள். ஏ.சி. கிடையாது, டி.வி. கிடையாது. இல்லாதவற்றையே விளம்பரமாக்கி, வெளிநாட்டவரிடம் நல்ல காசு வாங்கிய முதல் இந்திய விடுதிகளில் இதுவும் ஒன்று. குத்தகை விவகாரம் நீதிமன்றம் வரை போய், குழுமம் வெளியேறிய பின் தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பே விடுதியை எடுத்துக்கொண்டது. இப்போது பங்காரத்திலும் எதிரே தின்னக்கரையிலும் கூடாரங்களும் எழுந்திருக்கின்றன.

2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் மோடி வந்து, மூச்சுக்குழாய் மாட்டிக் கடலில் மூழ்கிய படங்களை வெளியிட்டார். மாலத்தீவோடு மனக்கசப்பும் சேர்ந்துகொள்ள, நாடே கணினியில் லட்சத்தீவைத் தேடியது. அதற்கு முந்தைய ஆண்டே சுஹேலி, கட்மத் தீவுகளில் பெரிய ஹோட்டல்கள் கட்ட ஒப்பந்தம் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை பேரைத் தாங்கும் இந்த மணல்? விடுதி ஊழியர்கள் முதல் மீனவர்கள் வரை, நான் பேசிய எல்லோரிடமும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் இருந்தது.

இரண்டாம் நாள் எனக்கும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிவிட்டார்கள். இடுப்பளவு நீரில் விடுதிப் பையன் மூன்று பாடம் சொன்னான். காலை ஊன்றாதே. கையால் தொடாதே. எதையும் எடுத்து வராதே. செத்த பவளத் துண்டு கரையில் கிடந்தாலும் அதைப் பெட்டியில் போடக்கூடாது. 2001 முதல் பாறைப் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலிக்குச் சமமாக இருக்கின்றன. நம் ராமநாதபுரம் மீனவர்கள் நன்றாக அறிந்த கடல் அட்டையும் அதே பட்டியல்தான். அந்த அட்டைக்காகவே 2020இல் செரியபாணிப் பகுதியில் 239 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். தீவுகளின் மொத்த நிலப்பரப்பைப் போல ஏழு மடங்கு!

குனிந்து பார்த்தபோது மூச்சு ஒரு கணம் நின்றது. மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், மூளை மடிப்பு போன்ற உருண்டைப் பவளம், இடுக்கில் நீல உதட்டைத் திறந்து மூடும் ராட்சதச் சிப்பி. ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அந்தக் 'கறுக் கறுக்' சத்தம் தெளிவாகக் கேட்கிறது. பாறையோடு பாசியை மென்று தின்று, செரிக்காத சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது அது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை உற்பத்தி செய்யும். நான் காலையில் வெறுங்காலோடு நடந்த வெள்ளை மணலில் கணிசமான பங்கு கிளிமீனின் வயிற்றைக் கடந்து வந்தது.

கொஞ்ச தூரம் நீந்தியதும் காட்சி மாறியது. சாம்பல் நிறத்தில், பாசி படர்ந்து, முறிந்த கிளைகள் குவியலாகக் கிடந்தன. இடிந்த வீட்டின் செங்கற்களைப் போல. பையன் கட்டைவிரலைக் கீழே காட்டினான். செத்துப்போன பவளம்.

பவளம் ஒரு பிராணி. தன் திசுவுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்துக்கொண்டு, அவை வெயிலில் சமைக்கும் உணவில் பெரும்பகுதியைச் சாப்பிட்டு வாழ்கிறது. நிறமும் பாசியின் உபயம்தான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நீடித்தால் போதும். பவளம் அந்தக் குடித்தனக்காரரை வெளியே தள்ளிவிடுகிறது. உடல் வெளுத்து, உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரிகிறது. கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் சாகும்.

1998இல் எல் நினோ வெப்பத்தில் லட்சத்தீவுப் பவளத்தில் ஐந்தில் நான்கு பங்கு வெளுத்தது. பிறகு 2010இல், 2016இல், மறுபடி 2024இல். கடைசி முறை 2023 அக்டோபரிலிருந்தே இந்தக் கடல் அளவுக்கு மீறிச் சூடாக இருந்ததைக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. மைசூரிலுள்ள இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ரோஹன் ஆர்தர் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1998 முதல் அகத்தி, கட்மத், கவரத்திப் பாறைகளை விடாமல் கவனித்துவருகிறார்கள். அவர்கள் கணக்கு: உயிருள்ள பவளத்தின் பரப்பு 1998இல் சுமார் 37 சதவீதம், 2022இல் 19.6 சதவீதம். இருபத்து நான்கு ஆண்டில் பாதி. ஒவ்வொரு வெப்ப அலையிலும் சாகும் அளவு முன்பைவிடக் குறைவாக இருக்கிறது என்பது ஆறுதல். மீண்டு எழும் வேகமும் குறைந்துகொண்டே போகிறது என்பது கவலை. நன்றாகத் தேற ஆறு ஆண்டாவது நிம்மதி வேண்டும் என்கிறார்கள். கடல் அந்த அவகாசத்தைக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

உயிருள்ள பாறைதான் தீவின் மதில். வளரும்வரை அலையை உடைக்கும், மணலையும் தரும். செத்தால் நொறுங்கும், தேயும். ஒன்றாம் பரளி போனதற்கு ஒரே காரணத்தைக் காட்டிவிட முடியாது. நீரோட்டம், புயல், உயரும் கடல் எல்லாம் சேர்ந்துதான் அரிக்கின்றன. ஆனால் மதில் பலவீனமானால் வீடு எத்தனை நாள்?

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமல்ல. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படிக்கிறோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது நீருக்கடியில். அங்கே முதல் குற்றவாளி நாமே. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டு பவளத்தை வெட்டி எடுத்தோம். தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்றப் பிறகு கான்கிரீட் செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

லட்சத்தீவில் பாறை இவ்வளவு காலம் பிழைத்ததற்கு ஒரு காரணம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. இங்கே முக்கிய மீன் சூரை. அதுவும் வலையில் அல்ல. காயலில் பிடித்த பொடிமீனை உயிரோடு கொண்டுபோய், சூரைக் கூட்டத்தின் நடுவே வீசி, படகிலிருந்து தண்ணீரைத் தெளித்து, வெறி பிடித்துத் துள்ளும் மீனைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். ஆமையோ சுறாவோ சிக்குவது அபூர்வம். அவித்து, புகையூட்டி, காயவைத்தால் மாசி. யாழ்ப்பாணத்துச் சம்பலில் இடிபடும் அதே மாசிக் கருவாடு. திறந்த கடலின் சூரையையே நம்பியிருந்ததால் பாறை மீன்களுக்கு ஓய்வு கிடைத்தது. சமீப ஆண்டுகளில் களவா, செப்பிலி போன்ற பாறை மீன்களுக்கும் கரையிலிருந்து கிராக்கி வருகிறது. சுற்றுலாக்காரனின் நாக்கும் அதில் சேரும். "இன்று என்ன மீன்?" என்று தினமும் சமையல்காரரிடம் கேட்டேன். நான்கு நாளும் சூரை என்றார். நான்கு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பாதுகாப்பு என்பதும் நாம் நினைப்பதுபோல நேர்கோடு அல்ல. சட்டத்தின் காவலில் பெருகிய பச்சை ஆமைகள் அகத்திக் காயலில் கூட்டமாக மேயவந்து, கடற்புல் வெளியை ஒட்ட மேய்ந்துவிட்டன. புல் போனதால் அதில் வளரும் மீனும் போனது என்று மீனவர்கள் ஆமைமேல் கோபப்பட்டார்கள். விஞ்ஞானிகளின் ஆய்வும் புல் அழிந்ததை உறுதி செய்தது. விடுதிப் பிரசுரத்தில் ஆமை அழகாகச் சிரிக்கிறது. ஆமையைக் காத்ததன் செலவை அகத்தி மீனவர் கட்டுகிறார் என்பது அதில் இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். மணலுக்கு அடியில், கடல்நீரின்மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது மழை தந்த நன்னீர். அதிகம் இறைத்தால் உப்பு ஏறும்; கழிவு இறங்கினால் கெடும். இதற்கு ஒரு மாற்றைக் கொண்டுவந்தவர்கள் சென்னைக்காரர்கள். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஆழ்கடலின் குளிர்நீரைக் கொண்டு மேல்மட்ட நீரின் ஆவியைக் குளிரவைத்துக் குடிநீராக்கும் நிலையத்தை 2005இல் கவரத்தியில் அமைத்தது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். ஒரு சொகுசு ஹோட்டலின் நீச்சல் குளமும் புல்வெளியும் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட்டால், கட்டடம் எழும்புமுன் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

அந்த வகையில் ஓலைக் குடில், குறைந்த அறைகள், ஏ.சி. இல்லாத இரவு என்று தொடங்கிய பழைய பங்காரம் தற்செயலாகவோ தெரிந்தோ ஒரு நல்ல அளவுகோலை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதைத் தாண்டிப் போவோர் காரணம் சொல்ல வேண்டும். அனுமதிச் சீட்டுத் தொல்லையைத் தளர்த்தச் சொல்பவர்கள் ஒன்றாம் பரளி இருந்த இடத்தை ஒரு முறை படகில் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் கடைசி இரவு என்னைத் தூங்கவிடாதது விடுதி அல்ல. விடுதி தன் பங்குக்குக் காலை ஊன்றாதே என்கிறது, குப்பையைக் கொண்டு போ என்கிறது. அதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் கடல் சூடேறுவது நிற்காது. அந்தச் சூடு இங்கே உண்டாவதல்ல. நிலக்கரி மின்சாரத்தில் இரவும் பகலும் ஓடும் போசரி போன்ற ஊர்களில் உண்டாவது. என்னை இங்கே கொண்டுவந்த விமானமும் அதில் கொஞ்சம் சேர்த்திருக்கும். அழுக்கில்லாத தண்ணீரைத் தேடி வந்தவன், என் ஊர்ப் புகையைத்தான் இங்கே வெளுத்த பவளமாகப் பார்த்திருக்கிறேன்.

உறவு அதைவிடவும் பழையது. போசரியில் எங்கே தோண்டினாலும் தட்டுப்படும் கறுங்கல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. இந்தியத் தட்டு வடக்கே நகர, அதே ரீயூனியன் வெப்பமையம்தான் லட்சத்தீவு-சாகோஸ் கடலடி மலைத்தொடருக்கும் அடித்தளம் போட்டது என்று புவியியலாளர்கள் பலர் கருதுகின்றனர். எரிமலை மெல்ல அமிழ, விளிம்பில் பவளம் மேலே மேலே வளர்ந்து வட்டத் தீவாகிறது என்பது 1842இல் சார்லஸ் டார்வின் எழுதிய விளக்கம். ஆக, என் பட்டறையின் அஸ்திவாரமும் பங்காரத்தின் அஸ்திவாரமும் ஒரே உலையில் வார்த்தவை.

புறப்படும் காலை படகோட்டி கேட்டார்: "உங்கள் போசரியிலிருந்து கடல் எவ்வளவு தூரம், சார்?"

"ரொம்ப தூரம், இக்கா. மும்பைக்குப் போனால்தான் கடல்" என்றேன்.

அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை லட்சத்தீவுக்குப் போகலாம். பிறகு மழைக்காலம், கடல் படகை அனுமதிக்காது. போகிறவர்கள் பெட்டியில் சோப்பையும் பிளாஸ்டிக்கையும் குறைத்துக்கொண்டால் நல்லது. வரும்போது மணலும் சிப்பியும் வேண்டாம். நானும் எதையும் எடுத்து வரவில்லை என்றுதான் நினைத்தேன். போசரியில் செருப்பை உதறியபோது வெள்ளையாகக் கொஞ்சம் கொட்டியது. பக்கத்துப் பட்டறையின் உலை அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. படகோட்டியிடம் தூரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது.